நாற்றுக்கு முன் வாய்க்கால்: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை மீட்பதற்கும் காண்பதற்கும் ஒரு வழிகாட்டி

கோரையாற்றின் வழியாகப் படகில் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைக் காயலுக்குச் செல்கிறவர்களுக்கு இரு கரையிலும் தொடர்ந்து தெரிவது அலையாத்தி மரங்களின் அடர்ந்த பச்சை. அந்தப் பச்சை பல இடங்களில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பட்டையாக மட்டுமே நிற்கிறது என்பதும், அதற்குப் பின்னால் மரமே இல்லாத, கோடையில் உப்புப் பூத்து வெளுத்துவிடும் களித்திடல் விரிந்து கிடக்கிறது என்பதும் படகில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. காட்டை மீட்கும் வேலை அந்தத் திடலில் நடக்கிறது. காட்டைக் காணும் பயணம் ஆற்றில் நடக்கிறது. இரண்டில் எதற்காக வருகிறவரும் மற்றதைக் கொஞ்சமேனும் அறிந்து வந்தால் காட்டுக்கு நல்லது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலையாத்திக் காட்டை மீட்பது என்றால் கன்று நடுவது என்று பலரும் எண்ணுகிறார்கள். கன்று நடுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி; பாய்ச்சலுக்கும் வடிகாலுக்கும் வாய்க்கால் வெட்டுவதே முதற்பகுதி. கடைமடைப் பகுதியில் பிறந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நீர் ஏற மடையும், மிகுந்த நீர் இறங்க வடிகாலும் இல்லாத வயலில் நாம் நாற்று விடுவதில்லை. அதே ஒழுங்கைக் கடலோரச் சேற்றுக்குக் கொண்டு போனால் அலையாத்தி வளர்கிறது. அதை மறந்து ஆயிரக்கணக்கில் கன்றுகளை ஊன்றினால் அவை அடுத்த சித்திரையைப் பார்ப்பதில்லை.

மொட்டைத் திடல் உண்டான விதம்

காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக் கோரையாறு ஆகியவை வந்து சேரும் ஆழமில்லாத காயலைச் சுற்றி, பாக் நீரிணையை நோக்கி இந்தக் காடு அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்புள்ள காப்புக்காடு இது. இதில் பெரும்பான்மையான மரம் வெண்கண்டல். ஊரில் அலையாத்தி என்று பொதுவாகச் சொல்லும்போது இதையே குறிக்கிறார்கள். தில்லை, நரிக்கண்டல், கழிமுள்ளி ஆகியவையும் உண்டு.

பிரித்தானியர் ஆட்சியில் இந்தக் காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு கூப்பையும் அடியோடு வெட்டி விறகுக்கு விற்றார்கள். விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள் அந்த முறை தொடர்ந்தது. வெட்டியவர்கள் மரம் தானே துளிர்த்துவிடும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நிழல் போன களிமண்ணில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் இழந்த களி சுருங்கி அமிழ்ந்தது. நடுவில் தாழ்ந்தும் ஓரத்தில் உயர்ந்தும் நிலம் தாம்பாளம்போல ஆயிற்று. பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் ஏறிவரும்போது, உள்ளே ஏறிய நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி வற்றியது. நீர் ஆவியாகப் போயிற்று, உப்பு தங்கிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இத்தகைய திடல்களின் மண்ணில் ஊறிய நீரில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் உப்பு ஏறிவிடுகிறது. உப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த வெண்கண்டலின் விதையும் அந்த மண்ணில் முளைவிட்டுச் சாகிறது. மேலே காவிரியில் நன்னீர் வரத்துக் குறைந்ததும் இதனுடன் சேர்ந்துகொண்டது. உப்பைக் கழுவிச் செல்ல வேண்டிய ஆற்றுநீர் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே காயலுக்கு வந்து சேருகிறது.

இந்தக் காரணத்தைக் கண்டறிந்த பிறகுதான் மருந்தும் கிடைத்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, தாம்பாளத்தின் விளிம்பை உடைத்து ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கும்படி வாய்க்கால்கள் வெட்டி நடும் முறையை இங்கே பெரிய அளவில் செய்து காட்டினார்கள். வாய்க்கால் என்பது இக்காட்டுக்கு அந்நியமானதன்று. காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, நீருடன் உள்ளே வரும் மீனை மறித்துப் பிடிக்கும் வாய்க்கால் மீன்பிடி முறை முத்துப்பேட்டை மீனவர்களுக்கு நெடுங்காலமாக உரியது. மீனுக்காக வெட்டியவர்களின் அறிவும் மரத்துக்காக வெட்டுகிறவர்களின் தேவையும் ஒன்றுதான்: நீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரிந்திருப்பது.

அனுமதியும் ஆட்களும்

இது காப்புக்காடு, அத்துடன் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கோடிக்கரை ஈரநிலத் தொகுதியின் ஒரு பகுதி. 38,500 ஹெக்டேர் கொண்ட அந்தத் தொகுதியில் கோடிக்கரைக் காடும், பஞ்சநதிக்குளம் சதுப்பும், தலைஞாயிறு காப்புக்காடும், முத்துப்பேட்டையும் அடங்கும். எனவே நல்ல எண்ணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மண்வெட்டியுடன் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதைவிட எளிதானதும் பயன் மிக்கதுமான வழி, ஏற்கெனவே வேலை நடக்கும் ஊரின் வனக்குழுவுடன் சேர்ந்து, அவர்கள் திட்டமிட்ட பணியில் ஒரு பங்கை ஏற்பது. அங்குள்ள மீனவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வெளியிலிருந்து வருகிற நமக்குத் தெரியாது. வாய்க்கால் எங்கே வெட்டினால் அவர்களுடைய மீன்பிடி வாய்க்காலின் நீர் குறையும் என்பதையும் அவர்கள்தான் சொல்ல முடியும். அதைக் கேட்காமல் வெட்டிய வாய்க்கால் ஒருநாள் இரவில் அடைபட்டால் குற்றம் அவர்கள்மீது இல்லை.

சொந்தப் பட்டா நிலம் கழியை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 1990களில் காவிரிப் படுகையின் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நோயாலும் நட்டத்தாலும் கைவிடப்பட்ட குட்டைகள் சில ஊர்களில் இன்றும் கரையுடன் அப்படியே கிடக்கின்றன. அந்தக் கரைகளை முழுவதும் கரைக்க வேண்டியதில்லை. முன்பு ஓடை ஓடிய தாழ்ந்த இடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அங்கே கரையை உடைத்து ஓதநீரை உள்ளே விட்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பட்டா நிலத்துக்கும் பொருந்தும் என்பதால் அதற்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை.

ஓராண்டு பார்த்தல்

வேலையில் மிகுந்த பொறுமை தேவைப்படும் பகுதி இது. ஆகவேதான் மிகுதியாகத் தவிர்க்கப்படும் பகுதியும் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் அழைத்த நடவு விழாவுக்கு நானும் சென்றிருந்தேன். ஒரே காலையில், கால் புதையும் திறந்த சேற்றுத்திட்டில் பெருந்திரளாக நின்று சுரபுன்னை என்னும் கண்டல் வகையின் விதைகளை வரிசை வரிசையாக ஊன்றினோம். வேலை முடிந்து படகில் திரும்பும்போது மனம் நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போனபோது நின்றவற்றைக் கைவிரல்களால் எண்ண முடிந்தது. மற்றவற்றை அலை பிடுங்கியிருந்தது, அல்லது கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிர் ஒட்டிக் குச்சியாக ஆக்கியிருந்தது. அதைவிட வருத்தமானது ஒன்றை எங்களை ஏற்றிவந்த படகோட்டி சொல்லித்தான் அறிந்தேன். அந்தத் திட்டு வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடும் இடம். மரமில்லாமல் இருப்பதுதான் அதன் இயல்பு. காயலோரத்து ஈரச் சேற்றுத்திட்டும், உள்ளே உப்புப் பூத்த திடலும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது உயிர் நிறைந்த மேய்ச்சல் நிலம், பின்னது காடு இருந்து அழிந்த இடம். பழைய அடிமரங்களும் மக்கிய மூச்சுவேர்களும் மண்ணில் உள்ளனவா என்று தோண்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். அடிக்கட்டை இல்லாத இடத்தில் நடாதீர்கள்.

பார்க்க வேண்டிய அடுத்தது நீர்மட்டம். நம் கரையில் ஓதத்தின் ஏற்றம் சிறியது; ஒரு சாண் மண் உயர்ந்திருந்தாலும் நீர் அங்கே எட்டாது. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஓதம் பெருகும். அட்டமி, நவமி நாட்களில் தளர்ந்துவிடும். இத்துடன் ஆண்டுச் சுழற்சி ஒன்றும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடல்மட்டமே சற்று உயர்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் தாழ்ந்துவிடும். கார்த்திகையில் வந்து பார்த்து, முழங்கால் அளவு நீர் நிற்கிறது என்று மகிழ்ந்து திட்டமிட்டவர்கள், சித்திரையில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்திருப்பதைக் கண்டு திகைப்பார்கள். ஆகவே அடையாளக் கோடுகள் இட்ட குழாய்களை ஆற்றோரம், திடலின் விளிம்பு, திடலின் நடு என்று மூன்று இடங்களிலாவது ஊன்றி, வாரம் ஒருமுறை நீரளவைக் குறித்து வர வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றும் இரண்டு கோல்களும் போதும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவி இருக்கிறது. ஒரு சொட்டு நீரை இட்டு வெளிச்சத்தில் நோக்கினால் அளவு தெரியும். கருவி இல்லாவிடினும் செடியே சொல்லும். உமரிச் செடி படர்ந்திருக்கும் திடலில் உப்பு மிகுதி என்றாலும் மண் இன்னும் செத்துவிடவில்லை. அங்கே வாய்க்கால் வெட்டினால் பலன் கிட்டும் வாய்ப்பு உண்டு. உமரியும் இல்லாமல் வெண்மை மட்டுமே இருந்தால் அந்த இடத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்வது நல்லது. விளிம்பில் தானாக முளைத்த கண்டல் கன்றுகள் தென்பட்டால், அங்கே நீரோட்டத்தைச் சீராக்குவது ஒன்றே நம் வேலை. விதையை ஓதம் கொண்டுவந்து இடும். நம் கைக்குத் தெரியாத இடத்தேர்வு அதற்குத் தெரியும்.

வாய்க்கால்

தாய் வாய்க்கால் ஒன்று இயற்கையான ஓடையிலோ ஆற்றிலோ தொடங்கித் திடலின் தாழ்ந்த பகுதிவரை செல்லும். அதன் இரு பக்கமும், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகெலும்பும் முள்ளும் போல இருக்கும் என்பதால் இதை மீன்முள் வாய்க்கால் என்கிறார்கள். தாய் வாய்க்காலின் மேலகலம் 2 முதல் 3 மீட்டரும், ஆழம் சுமார் 1 மீட்டரும் இருப்பது வழக்கம். கிளைகள் அதைவிடக் குறுகலாகவும் ஆழம் குறைவாகவும் அமையும்.

அளவைவிடச் சாய்வில் கவனம் வேண்டும். வாய்க்காலின் அடி ஓடையை நோக்கிச் சிறிதே சரிந்திருக்க வேண்டும். கிளையின் அடி தாயின் அடியைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. தாழ்ந்தால் அந்தக் கிளையில் நீர் ஏறும், இறங்காது. அப்படியானால் நாம் வெட்டியது இன்னொரு தாம்பாளம். கிளைகள் தாயுடன் சேரும் சாய்வும், வற்றும்போது நீர் இயல்பாக ஓடையை நோக்கிப் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். ஆற்றில் சிற்றாறு வந்து சேரும் விதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் தவறு நேராது.

வாய்க்காலின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல், மேலே அகன்றும் அடியில் குறுகியும் சரிவாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. சரிவின் அடியில் நடும் கன்று நீரில் மூழ்கியே கிடந்து அழுகும். உச்சியில் நடும் கன்று நீர் எட்டாமல் காயும். இரண்டுக்கும் நடுவே, ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளிப்படும் ஒரு பட்டை சரிவிலே கிடைக்கிறது. நடவு முழுவதும் அந்தப் பட்டையில்தான். காலப்போக்கில் சரிவு மரங்கள் விதை உதிர்த்து, உப்புக் கழுவப்பட்ட திடலை அவையே பிடித்துக்கொள்கின்றன.

வெட்டிய மண்ணைக் கரையோரமாகக் குவித்து வரப்பாக்கிவிடுவது பெரும்பாலும் நேரும் தவறு. வயல்வேலை பழகிய கைகள் தம்மை அறியாமல் அதைச் செய்துவிடும். வரப்பு நின்றால் திடலுக்கும் வாய்க்காலுக்கும் தொடர்பு அறுந்துபோகும். மண்ணைத் தள்ளி எடுத்துப் பரப்ப வேண்டும். குவித்தே ஆக வேண்டிய இடத்தில் இடையிடையே திறப்புகள் விட வேண்டும். வேலையை வைகாசி தொடங்கி ஆடிக்குள் முடித்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை ஒருமுறையாவது திடலைக் கழுவிச் செல்லும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டு, நீர் கடைமடை தாண்டிக் காயலுக்கு வரும் ஆண்டுகளில் அந்தக் கழுவல் முன்னதாகவே தொடங்கும். பொறுக்க முடிந்தவர்கள் வெட்டிய ஆண்டே நடாமல் ஒரு மழைக்காலம் விட்டு நடுவது நல்லது என்பது என் கருத்து.

விதையும் நாற்றும்

வெண்கண்டலின் விதை அவரை விதையைப்போலத் தட்டையானது. தோலுக்குள்ளேயே முளை தொடங்கிவிட்ட நிலையில்தான் மரத்திலிருந்து உதிர்கிறது. ஆவணி முதல் ஐப்பசிவரை முதிர்ந்த விதைகளை ஓடைகளில் மிதக்கும்போதும் மரத்தடியிலும் திரட்டலாம். கிளையை உலுக்கி எடுப்பவை பெரும்பாலும் முதிராதவை. திரட்டியவற்றை ஓரிரு நாள் உவர்நீரில் ஊறவிட்டால் தோல் தானே கழன்றுவிடும். வண்டு துளைத்தவற்றையும் கறுத்தவற்றையும் அப்போதே நீக்கிவிடலாம். சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். இவை நெல்விதைபோல வைக்கோல் கோட்டையில் காத்திருப்பவை அல்ல.

சுரபுன்னையின் முளை நீண்ட முருங்கைக்காய்போலத் தொங்கும். தலைப்பக்கக் காய்க்கும் தண்டுக்கும் இடையே நிறம் மாறிய ஒரு வளையம் தோன்றியபின் மெல்லத் தொட்டாலே கழன்று வருவதுதான் முதிர்ந்தது. அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் செருகினால் போதும். ஆனால் முத்துப்பேட்டையின் உப்புக்கும் வறண்ட கோடைக்கும் வெண்கண்டலே முதன்மையாகத் தாங்கும். சுரபுன்னையை நன்னீர் சற்று எட்டும் ஆற்றோரங்களுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. பிச்சாவரத்தின் படங்களைப் பார்த்துவிட்டு அதே வேர்க்கால்கள் இங்கும் வேண்டும் என்று விரும்புவது இயல்புதான். இந்த மண் அதற்கு இசையாது.

சரிவு நன்றாக அமைந்த வாய்க்காலில் வெண்கண்டல் விதையை நேரடியாகவே ஊன்றலாம். முளைவேர்ப் பக்கம் சேற்றில் இறங்கும் அளவுக்கு அழுத்தினால் போதும்; புதைத்துவிட்டால் அழுகும். அலையடிக்கும் இடங்களுக்கு மட்டும் நாற்று வேண்டும். ஓதநீர் வந்து போகும் ஓடையோரத்தில் பாத்தி அமைத்து, ஓடைச் சேற்றையே பைகளில் நிரப்பி வளர்த்து, ஒரு முழ உயரம் வந்தபின் நடுகிறார்கள். வீட்டுக் கிணற்று நீரில் செழித்து வளர்ந்த நாற்று காயலில் வைத்தவுடன் வாடிவிடும் என்பதால், நாற்றங்கால் கட்டாயம் ஓத எல்லையில்தான் இருக்க வேண்டும். நடும்போது பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துக்கொண்டு திரும்புங்கள். கன்றுக்குக் கன்று ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி போதுமானது.

நட்ட பின்

நடவு நாளுக்குத் திரளும் கூட்டத்தில் இருபதில் ஒருவர் மூன்றாம் ஆண்டு தூர்வாரலுக்கு வந்தால் இந்தக் காடு எவ்வளவோ மேலாகும். ஓதமும் ஆறும் கொண்டுவரும் வண்டலால் வாய்க்கால்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தூர்ந்துவிடுகின்றன; முதலில் அடைபடுவது தாய் வாய்க்காலின் வாய்தான். அங்கே மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை அள்ளிவிட்டால், உள்ளே உள்ள கிளைகள் பெரும்பாலும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

ஆடு மாடுகளுக்குக் கண்டல் இலை விருப்பமான தீவனம். கோடையில் மேய்ச்சல் இல்லாதபோது அவை திடல் வழியாக உள்ளே வரும். வேலி போட்டு ஊரைப் பகைத்துக்கொள்வதைவிட, முதல் மூன்று ஆண்டுகளுக்கு எந்தப் பகுதியில் மேய்ச்சலை நிறுத்துவது என்று ஊரோடு பேசி முடிவு செய்வதே நிலைக்கும். திடலின் உயர்ந்த ஓரங்களில் சீமைக்கருவேல் நுழைந்தால் கன்றாக இருக்கும்போதே வேருடன் எடுத்துவிட வேண்டும். மூச்சுவேர்களில் சிக்கிய நெகிழிப்பைகளும் வலைத்துண்டுகளும் மரத்தின் மூச்சை அடைப்பவை. அவற்றைக் கையால், வேர் முறியாமல் எடுக்க வேண்டும். குப்பை பொறுக்குகிறோம் என்று முப்பது பேர் வேர்களை மிதித்து நடந்தால் குப்பை செய்த தீங்கைவிட அது பெரிது. படகிலிருந்தும் ஓடையிலிருந்தும் எட்டும் வரையில் எடுத்தால் போதும்.

2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டையும் கலைத்துப் போட்டது. அப்போது ஒடிந்து நின்ற மரங்களை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். வெண்கண்டல் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. இலையிழந்து நின்றாலும் அதை விட்டுவைக்க வேண்டும். சுரபுன்னைக்கு அந்த இயல்பு இல்லை. ஆனால் பட்டுப்போன மரமும் சேற்றைப் பிடித்துக்கொண்டும் பறவைக்கு இருக்கை தந்தும் நிற்கிறது. வாய்க்காலின் குறுக்கே விழுந்தவற்றை மட்டும் அகற்றுங்கள்.

எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். நட்ட ஆறாம் மாதமும், அதன்பின் ஆண்டுதோறும் சித்திரையிலும், அதே வாய்க்காலில் அதே நூறு கன்றுகளை எண்ணி எழுதி வைக்க வேண்டும். நடப்பட்டவை எத்தனை என்ற எண்ணிக்கை பதாகைக்கு உதவும். நிற்பவை எத்தனை என்பதுதான் அடுத்த வாய்க்காலை எப்படி வெட்டுவது என்று கற்றுத்தரும்.

காணச் செல்வோருக்கு

முத்துப்பேட்டை கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருத்துறைப்பூண்டிக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே உள்ளது. திருவாரூர், காரைக்குடி இருப்புப்பாதையில் நிலையமும் உண்டு. படகு ஏறும் இடம் ஊரை ஒட்டிய ஜாம்புவானோடை. தர்காவுக்கு வருகிறவர்களால் வழி கேட்க ஆள் எப்போதும் இருப்பார்கள். வனத்துறையின் அனுமதி பெற்றே காயலுக்குச் செல்ல வேண்டும். முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் படகு, நேரம், காட்டுக்குள் உள்ள மரப்பலகை நடைபாதையின் நிலை ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டால் அலைச்சல் இராது. கஜாவுக்குப் பின் இத்தகைய கட்டுமானங்களில் எது பயன்பாட்டில் இருக்கிறது என்பதை அவர்கள்தான் உறுதியாகச் சொல்வார்கள்.

மார்கழி, தை, மாசி மூன்றும் ஏற்ற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் வராதீர்கள். கோடையில் காயல் வற்றிப் படகின் விசிறி சேற்றை உழும். காலையில், காற்று எழுமுன் புறப்பட வேண்டும். பிற்பகலில் திறந்த காயலில் நீர் குலுங்கத் தொடங்கும். காயல் சராசரியாக ஓர் ஆள் இடுப்பளவு ஆழமே என்றாலும், அடியில் இருப்பது தரையன்று, கால் புதையும் சேறு. எனவே உயிர்காப்பு உடுப்பை அணியாமல் ஏறக் கூடாது. குடிநீரும் உணவும் கையோடு வேண்டும், வெற்றுப் புட்டிகள் கையோடு திரும்ப வேண்டும். சேற்றில் இறங்க நேர்ந்தால் கட்டிய துணிக்காலணி நல்லது. ஆளி ஓடு வெறுங்காலைக் கிழித்துவிடும்.

கோரையாற்றில் போகும்போது படகோட்டியிடம் விசையை நிறுத்தி ஒதுங்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் காடு தன் வேலையைத் தொடங்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து அதை அசைக்கும். சேற்றிலே தாவும் உளுவை மீன்கள் வேர்மேல் ஏறி அமரும். செம்பருந்து தலைக்குமேல் வட்டமிடும். வெண்கண்டலின் இலையைப் பறிக்காமல், மரத்திலேயே விரலால் தடவி நாவில் வைத்துப் பாருங்கள். உறிஞ்சிய உப்பை அம்மரம் இலைவழியே வெளியேற்றுவது அங்கேயே விளங்கிவிடும். இதைத் தில்லை மரத்தில் செய்துவிட வேண்டாம். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளுடன் செல்கிறவர்கள் தில்லை எது என்று படகோட்டியிடம் முதலிலேயே கேட்டுக் காட்டிவிடுங்கள்.

காயலுக்குள் சென்றபின் பூநாரைகளோ கூழைக்கடாக்களோ கூட்டமாக நின்றால் அருகே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். அவை எழுந்து பறக்கும் காட்சி அழகானதுதான். ஆயினும் நெடுந்தொலைவு வலசை வந்து இரையெடுக்கும் பறவையிடமிருந்து ஒரு வேளை உணவைப் பறித்து நாம் பெறும் அழகு அது. இருநோக்கி ஒன்று கொண்டுவந்தால் தொலைவிலிருந்தே எல்லாம் கிட்டும். ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

ஒரு நாள் மீதம் இருப்பவர்கள் வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரைக்குச் சென்று, 1967ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் வெளிமான்களைக் காணலாம். ஏரிப் பறவைகளை விரும்புவோர்க்கு 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் அருகிலேயே உள்ளன. இரண்டும் பாசன ஏரிகள் என்பதால், காவிரி நீரும் மழையும் ஏரியை நிரப்பிய பிறகு போனால்தான் பறவைகள் இருக்கும்.

முத்துப்பேட்டையிலிருந்து திரும்பும் வழியில் முடிந்தால் இன்னொன்றைச் செய்யுங்கள். கோரையாற்றின் பச்சைப் பட்டைக்குப் பின்னால் உள்ள மீன்முள் வாய்க்கால்களில் ஒன்றைக் காட்டும்படி வனக்காவலரிடம் கேளுங்கள். அதன் வாய் திறந்திருக்கிறதா, மண்மூடிப் போயிருக்கிறதா என்று பார்த்து, மூடியிருந்தால் நாளும் இடமும் குறித்துப் படத்துடன் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.